புகைவண்டிக்குச் சமிக்ஞை, மக்களுக்கு மௌனமா?

2025ஆம் ஆண்டு ஏப்பிரல் 6ஆம் நாள் அநுராதபுரத்தில் ஒரு விழா நடந்தது. இந்தியப் பிரதமர் திரு. நரேந்திர மோடி அவர்களும் எமது சனாதிபதி திரு. அநுர குமார திசாநாயக்க அவர்களும் கூடி நின்று, மாகோவிலிருந்து ஓமந்தை வரையிலான 128 கிலோமீற்றர் இருப்புப்பாதையின் புனரமைப்பு வேலையைத் திறந்து வைத்தனர். அவ்விழாவிலேயே மாகோ – அநுராதபுரம் பகுதிக்கான புதிய சமிக்ஞைத் தொகுதியின் வேலையும் தொடக்கி வைக்கப்பட்டது. முன்னதற்குச் செலவு 9 கோடியே 12 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல். பின்னதற்கு ஏறத்தாழ 1 கோடியே 49 இலட்சம் டொலர். முன்னது இந்தியா தந்த கடன்; பின்னது கடனாகப் பேசப்பட்டு நன்கொடையாக மாற்றப்பட்டது. கொடுத்தவர்க்கு நன்றி கூறுதல் தமிழர் பண்பு. அதில் நாம் குறை வைக்கமாட்டோம். ஆயினும் நன்றி கூறிய வாயாலேயே எமது புகையிரதத் திணைக்களத்தை ஒரு கேள்வி கேட்க வேண்டியவர்களாயிருக்கின்றோம். இத்தனை கோடி கொட்டி நிறுவப்படும் சமிக்ஞைகள் யாருடைய உயிரைக் காப்பதற்கு?

"புகைவண்டியின் உயிரை" என்று விடை வருமாயின், அது முழு விடையாகாது. வண்டியிலே செல்பவனும் மனிதன். வண்டிப்பாதையைக் கடந்து வயலுக்குச் செல்பவனும் மனிதன். முன்னவனுக்கு இருபதாம் நூற்றாண்டின் விஞ்ஞானமும் இருபத்தோராம் நூற்றாண்டின் கணினியும் காவல் நிற்கின்றன. பின்னவனுக்குக் காவல் எது?

சமிக்ஞை என்பதன் உட்பொருளைச் சிறிது விளக்குதல் நலம். வடபகுதிப் பாதை ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் வண்டிகள் நிலையங்களில் மாத்திரமே ஒன்றையொன்று விலகிச் செல்லலாம். ஆகையால் இரு நிலையங்களுக்கு இடையே ஒரு வேளையில் ஒரே வண்டிதான் ஓடவேண்டும். எமது தந்தையர் காலத்தில் இதற்கு "டப்லட்" என்னும் வட்டத் தகடு பயன்பட்டது. இரு நிலையங்களிலும் உள்ள பெட்டிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு தகடு வெளியே வந்துவிட்டால் மறு தகடு எந்தப் பெட்டியிலிருந்தும் வராது. அத்தகட்டை நிலைய அதிபர் வளையத்திற் கோத்து நீட்ட, சாரதி ஓடும் வண்டியிலிருந்தே அதைப் பற்றிக்கொண்டு போவதை எம்மில் முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். தகடு கையில் இல்லையேல் வண்டி நகராது. கருவி பழமையானது, அதன் அறிவு பழமையானதன்று.

புதிய மின்விளக்குச் சமிக்ஞைகளும் அதே அறிவின் வழிவந்தவை. அவற்றை அமைப்போர் கைக்கொள்ளும் முதற் கோட்பாடு இது: கருவி பழுதுபட்டால் அது ஆபத்துக் குறியையே காட்டவேண்டும். தண்டவாளத்திற் சிறு மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். வண்டியின் சக்கரமும் அச்சும் அதைக் குறுக்கே இழுத்துக்கொண்டதும் சிவப்பு எரியும். வண்டியே வராமல் கம்பி அறுந்து போனாலும் சிவப்பு. தண்டவாளம் முறிந்து மின்னோட்டம் தடைப்பட்டாலும் சிவப்பு. ஐயம் நேர்ந்தால் நில் என்பதே சட்டம். புகைவண்டியின் பாதுகாப்பு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இச்சட்டத்தின் மேல் நிற்கின்றது.

இனிக் கடவைக்கு வருவோம். தடுப்புப் படலை இல்லாத எத்தனையோ கடவைகளில் ஒரு மணியும் இரு விளக்கும் மாத்திரமே உள்ளன. வண்டி நெருங்கும்போது மணி ஒலிக்கவேண்டும், விளக்கு மின்னவேண்டும். மின்சாரம் அற்று மின்கலமும் ஓய்ந்து போனால் என்ன நேரும்? மணி ஒலியாது; விளக்கு எரியாது. அந்த மௌனத்தைக் கடவைக்கு வருபவன் எவ்வாறு பொருள் கொள்வான்? வண்டி வரவில்லை, கடந்து போகலாம் என்றே கொள்வான். பழுதுபட்ட சமிக்ஞை சாரதிக்கு "நில்" என்கின்றது. பழுதுபட்ட மணி கமக்காரனுக்கு "போ" என்கின்றது. ஒரே திணைக்களம், ஒரே பாதை. நீதி மட்டும் இரண்டு. மணியும் இல்லாமல் வெறும் பலகை நாட்டிய கடவைகளைப் பற்றி நாம் சொல்லவும் வேண்டுமோ?

இந்த அபாயம் வடக்கிற்கு மாத்திரம் உரியதன்று. ஆனால் வடக்கில் அது தனியானதொரு வேகம் கொண்டுள்ளமைக்குக் காரணம் உண்டு. 1905இல் முழுமை பெற்று, 1956இல் யாழ்தேவியைக் கண்ட இப்பாதை 1990இல் செத்துப் போயிற்று. தண்டவாளங்களும் கட்டைகளும் காவலரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்கும் போயின. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திற்கும், 2015 சனவரியிற் காங்கேசன்துறைக்கும் வண்டி திரும்பி வந்தது. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் ஒரு தலைமுறை புகைவண்டியையே காணாமல் வளர்ந்தது. பாதை கிடந்த இடத்தில் ஒழுங்கைகள் பிறந்தன, குடியிருப்புகள் எழுந்தன, மீள்குடியேறியோர் தம் காணிக்குச் செல்லத் தாமே வழி கண்டனர். திரும்பி வந்த வண்டியும் பழைய வண்டியன்று. அன்று தண்டவாளப் பொருத்துகளிற் சக்கரம் தட்டும் ஓசை காத தூரத்திலிருந்தே கேட்கும். இன்று ஒட்டிணைத்த நீண்ட தண்டவாளத்தில் வண்டி ஓசை குறைந்து, விரைவு மிகுந்து வருகின்றது. லாண்ட்மாஸ்டரின் பொறி இரையும்போது அதில் அமர்ந்திருப்பவன் காதில் எது விழும்?

இன்னுமொன்று. வவுனியாவுக்கு வடக்கே இருப்புப்பாதை நெடுந்தூரம் கண்டி வீதியை ஒட்டியே செல்கின்றது. பெருந்தெருவிலிருந்து ஒழுங்கைக்குத் திரும்பும் வாகனம் சிறிது தூரத்திலேயே கடவையை அடைந்துவிடுகின்றது. ஒரே திசையில் வந்த வண்டி அதுவரை சாரதியின் முதுகுப்புறத்தில் இருந்திருக்கும். 2018இல் ஓமந்தைக்கு அண்மையிற் பன்றிக்கெய்தகுளத்திற் காரொன்று வண்டியுடன் மோதுண்டு நால்வர் மாண்டனர். 2019 யூனிற் கிளிநொச்சியில் இராணுவ வாகனமொன்று மோதுண்டு படையினர் பலர் மாண்டனர். கடவையில் நிற்கும் யமன் இனம் பார்ப்பதில்லை, சீருடையும் பார்ப்பதில்லை.

"சாரதிகளின் அவசரமே காரணம், மக்கள் ஒழுங்கு பழகவேண்டும்" என்று அதிகாரிகள் கூறுவர். இதில் உண்மை இல்லாமலில்லை. 2005 ஏப்பிரல் 27ஆம் நாள் பொல்காவலைக்கு அண்மையில் யாங்கல்மோதரவில், மூடிய கடவையைப் பொருட்படுத்தாது முந்தச் சென்ற பஸ் வண்டியில் 35க்கு மேற்பட்டோர் மாண்டதை நாடு அறியும். அது சாரதியின் குற்றமே. அக்குற்றத்தைக் காட்டிப் படலையே இல்லாத கடவைக்கு நியாயம் பேச முற்படுவதைத்தான் நாம் மறுக்கின்றோம். மூடிய படலையை மீறியவனுக்கும், படலையும் மணியும் இல்லாத இடத்திற் பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிச் சென்றவனுக்கும் ஒரே தீர்ப்பு எழுதுவது எந்த ஊர் வழக்கு?

இக்குறையை நிரப்பத் திணைக்களம் கண்ட வழி மனிதக் காவல். நல்லதே. ஆனால் அக்காவலர்கள் திணைக்களத்தின் ஊழியராக நியமிக்கப்படவில்லை. பொலிஸ் பகுதியின் மூலம் தற்காலிகமாக அமர்த்தப்பட்டனர். பல ஆண்டுகளாக அவர்களுக்கு அளிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 250 ரூபா. நிரந்தர நியமனம் கேட்டு அவர்கள் வீதியில் இறங்கியதும், வாக்குறுதி பெற்று வீடு திரும்பியதும், மீண்டும் இறங்கியதும் எம் வாசகர் பலமுறை படித்த செய்திகள். மாகோ – ஓமந்தைப் பாதையின் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏழு இலட்சம் டொலருக்கு மேற் செலவழித்த நாட்டில், வெயிலிலும் மழையிலும் கடவையைக் காப்பவனுக்கு ஒரு வேளைச் சோற்றுக்கும் போதாத கூலி! தேர் செய்யப் பொன் அளந்தவன் அச்சாணிக்கு இரும்பு இல்லை என்றானாம்.

கடவை யாருடையது என்ற வழக்கு வேறு இருக்கின்றது. வீதி பிரதேச சபையினது என்பர். சபை பணமில்லை என்னும். மாகாண சபையைக் காட்டுவர். அது கொழும்பைக் காட்டும். அனுமதி பெற்ற கடவை, அனுமதி பெறாத கடவை என்று திணைக்களம் பிரித்தும் பேசும். ஐந்து தலைமுறையாக உழுத வயலுக்குச் செல்லும் வழிக்கு யாரிடம் அனுமதி பெறுவது என்று வன்னிக் கமக்காரனுக்கு யாரும் சொன்னதில்லை.

பரிகாரம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதொன்றன்று. கடவைப் படலையைச் சமிக்ஞையுடன் பூட்டிவிடுதல் பொறியியலாளர் நன்கறிந்த முறை. படலை முற்றாக மூடினாலன்றி வண்டிக்குப் பச்சை விழாது. படலை பழுதானால் நிற்கவேண்டியது வண்டியே. வண்டி சில நிமிடம் தாமதிக்கலாம். தாமதித்த வண்டி வந்து சேரும். கடவைகள் அனைத்தையும் ஒரே ஆண்டில் இவ்வாறு ஆக்க முடியாதென்பதை நாம் ஒப்புக்கொள்கின்றோம். ஒழுங்கைகள் சிலவற்றை இணைத்து ஒரே கடவைக்குக் கொண்டு வரலாம். பாடசாலை, சந்தை, நெற்களஞ்சியம் ஆகியவற்றை அண்டிய கடவைகளை முதலில் எடுக்கலாம். சமிக்ஞைக்குக் கம்பி புதைக்கும்போதே கடவைக்கும் புதைத்தால் செலவு குறைவு; பின்னர் தோண்டினால் இரட்டிப்பு. மாகோ – அநுராதபுர வேலையைக் கண்ணுற்றிருக்கும் எந்தப் பொறியியலாளரும் இதை மறுப்பார் என நாம் நினைக்கவில்லை.

இப்பாதை கொழும்புக்குச் செல்லும் கடுகதிக்கான பாதை என்றே மேலிடத்தில் எண்ணப்படுவதுதான் இத்தனைக்கும் வேர். யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் நாள்தோறும் சென்று மீளும் ஆசிரியரும் எழுதுவினைஞரும் மருத்துவரும் நிறையப் பேர். காலையிற் சென்று மாலையில் மீளத் தக்க வண்டி தமக்கு வேண்டும் என்று இவர்கள் கேட்பது இன்று நேற்றன்று. 2022 யூலையில், பெற்றோல் வரிசைகள் ஊர்களைச் சுற்றி நின்ற அந்த நாட்களில், கிளிநொச்சிக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே உத்தியோகத்தருக்காக "யாழ் ராணி" என்ற வண்டி விடப்பட்டது. ஆக, எண்ணெய் வற்றிய பின்னரே உள்ளூர்ப் பயணி கண்ணிற் பட்டான்! டப்லட் நீட்டிய காலத்தில் ஒற்றைப் பாதையில் வண்டிகளைப் பெருக்குவது கடினம் என்றனர். புதிய சமிக்ஞைகள் அக்கடினத்தைத் தளர்த்தவே வந்தவை. வந்த பின்னும் வண்டி பெருகவில்லையாயின் விளக்குகள் எதற்கு, அழகுக்கா? வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் வண்டியேறித் தெற்கே சென்ற காலத்தைக் கண்ட எம் கமக்காரர், அதிகாலைச் சந்தைக்கு ஒரு பொதிப் பெட்டியேனும் கேட்பது பேராசையன்று.

எமது பிரதிநிதிகளுக்கும் ஒரு சொல். வண்டி முதல்நாள் வந்தபோது மாலையோடு மேடையில் நின்றவர்களின் படங்கள் எம்மிடம் இருக்கின்றன. கடவையிற் பிரேதம் கிடந்தபோது அறிக்கை விட்டவர்களின் அறிக்கைகளும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே பாராளுமன்றத்தில் அவர்கள் கேட்ட கேள்விகளே வேண்டும். மாகோவிலிருந்து காங்கேசன்துறை வரை எத்தனை கடவைகள், அவற்றுள் படலை உள்ளவை எவை, மணி மாத்திரம் உள்ளவை எவை, ஒன்றுமில்லாதவை எவை, ஒவ்வொன்றிலும் மணி எத்தனை நாள் ஓய்ந்து கிடந்தது, காவலர்க்கு நிரந்தர நியமனம் எந்தத் திகதியில், இந்த விபரத்தை ஊர் ஊராகப் பெயரிட்டு அமைச்சர் சபையில் வைக்கட்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டின் இருப்புப்பாதைகளைச் சிதைத்ததனால் திருத்த வேலைக்கே பணம் போதாது என்ற மறுமொழி வரக்கூடும். திருத்துவதற்கு எப்படியும் மண் தோண்டத்தானே போகின்றீர்கள்? அதே குழியிற் கடவைக் கம்பியும் போகட்டும். அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்திற் போக்குவரத்து அமைச்சின் வாக்குப்பணம் எடுக்கப்படும் நாளில், வன்னியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் எழுந்து நின்று இதைக் கேட்பவர் யார் யார் என்பதைப் பெயரோடு வெளியிடக் காத்திருக்கின்றோம்.