வியர்வை சாட்சி சொல்லுமா?

மணிக்கட்டில் ஒரு சிறு பட்டையைக் கட்டிவிட்டால் மனிதனின் மனதில் இருப்பதெல்லாம் தெரிந்துவிடும் என்று இப்போது ஒரு பேச்சு கிளம்பி இருக்கின்றது. படித்தவர்களே இதை நம்புகின்றார்கள். ஆதலால் இதன் யோக்கியதையைச் சற்று விசாரிப்போம்.

இக்கருவி செய்யும் வேலை இவ்வளவுதான். தோலின்மீது இரண்டு உலோகத் தகடுகளை வைத்து, நமக்கு உறைக்காத அளவு சொற்ப மின்சாரத்தைச் செலுத்துகின்றது. பயமோ, கோபமோ, சந்தோஷமோ ஏற்பட்டால் நரம்புகள் வியர்வைச் சுரப்பிகளைத் தூண்டுகின்றன. வியர்வை ஊறின தோலில் மின்சாரம் சுலபமாய்ப் பாய்கின்றது. 1888-ம் வருஷத்திலேயே பிரான்சு தேசத்துப் பெரே என்பவர் மின்சாரம் செலுத்தி இந்த மாறுதலைக் கண்டு சொல்லிவிட்டார். இதில் பொய் ஒன்றும் இல்லை. "தோல் ஈரமாயிற்று" என்பதை "இவன் இன்னது நினைத்தான்" என்று மாற்றிச் சொல்லும்போதுதான் பொய் வருகின்றது. வெயிலில் நடந்தாலும், சில மருந்துகளைச் சாப்பிட்டாலும்கூட இந்த அளவு மாறுமே!

2010-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் இத்தகைய கருவியைப் பற்றி வெளியிட்ட கட்டுரையில் ஒரு மாணவரின் ஒரு வாரத்துக் கணக்கு இருந்தது. கருவி நாள் முழுதும் வேலை செய்யும் என்று காட்டுவதே அதன் நோக்கம். ஆனால் வகுப்பு நேரத்தில் கோடு தாழ்ந்து கிடந்ததைக் கண்ட சிலர், உபாத்தியாயர் பாடம் சொல்லும்போது மூளை செத்துக் கிடக்கின்றது என்று பிரசங்கம் செய்யப் புறப்பட்டுவிட்டார்கள். அதே படத்தில், அம்மாணவர் தூங்கும்போது கோடு உயர்ந்து நின்றதே! அவர்கள் நியாயப்படி பார்த்தால் தூங்குகிறவனே மகா கவனமுள்ள மாணவன் என்றல்லவா ஏற்படும்? ஒரு ஆளின் ஒரு வாரக் கணக்கைக் கொண்டு உலகத்துப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் தீர்ப்பு எழுதலாமா?

இது வெறும் பேச்சோடும் நிற்கவில்லை. வகுப்பில் பிள்ளைகளின் ஈடுபாட்டை இப்பட்டைகளால் அளந்து பார்க்கும் ஆராய்ச்சிக்குக் கேட்ஸ் அறநிலையம் கிளெம்சன் சர்வகலாசாலைக்குச் சுமார் 5 லட்சம் டாலர் கொடுத்தது 2012-ல் வெளியாகிப் பலத்த கண்டனம் எழுந்தது. பிள்ளையின் கை வியர்ப்பது பாடத்தினாலா, அடிக்குப் பயந்தா என்று எந்தப் பட்டை சொல்லும்?

நிற்க, கருவியே வேண்டாமென்பது நமது கருத்தல்ல. தோலின் மாறுதலோடு கையின் அசைவையும் சேர்த்துப் பார்த்து, வலிப்பு கண்டதும் வீட்டாருக்குத் தெரிவிக்கும் பட்டை ஒன்றுக்கு 2018-ல் அமெரிக்க மருந்து இலாகா அனுமதி அளித்தது. அது மனதைப் படிப்பதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. வலிப்பு வந்ததா இல்லையா என்று மட்டும் சொல்லிச் சோதனைக்கு நின்றது. விஞ்ஞானம் என்பது அதுதான்.

ஆகவே இதைக் கொண்டு ஆராய்ச்சி செய்வோர், அணிகிறவனின் மனப்பூர்வமான சம்மதத்தைப் பெறவேண்டும். வேண்டாமென்றால் கழற்றிவிட அவனுக்கு உரிமை வேண்டும். கணக்கு யார் கைக்குப் போகிறதென்று முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். என்ன நினைத்தாய் என்று அவனையும் ஒரு வார்த்தை கேட்கவேண்டும். இவை இல்லாமல், முதலாளியும் பள்ளி அதிகாரியும் பிறர் வியர்வையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லத் துவங்கினால், கை ரேகை பார்ப்பவனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.