கழற்றுவதற்கு முன்னால் ஓட்டிப் பாருங்கள்

மீஞ்சூரில் வண்டிச் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்புகளும் ஓடுகின்றன. அவற்றில் ஒன்று வளைவில் இழுத்துப் பிடித்து 'டக்'கென்று அடித்தால், உடனே கியர் பாக்ஸை இறக்கச் சொல்லிவிடுகிறார்கள். இது வீண் செலவு.

முதல் கேள்வி: காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீலைப் போட்டே ஓட்டினீர்களா? வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் உருள வேண்டும். பெரும்பாலான பிக்கப்புகளில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. ஃபோர் வீல் போட்டதும் முன், பின் ஷாஃப்ட்டுகள் ஒரே வேகத்தில்தான் சுழலும். சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும். தாரில் அதற்கு வழியில்லை, முறுக்கு ஏறும். டூ வீலுக்கு மாற்றி, நேராகக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் பெரும்பாலும் விட்டுவிடும். முன்னே புது டயர், பின்னே தேய்ந்த டயர் என்றாலும் இதே தொல்லைதான்.

டூ வீலிலும் சத்தம் தொடர்ந்தால், அது எப்போது வருகிறது என்று கவனியுங்கள். ரிவர்ஸிலிருந்து முன் கியருக்கு மாற்றும்போது 'டங்' என்றால் யூ ஜாயின்ட் கிராஸைப் பாருங்கள். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது 'டக்டக்' என்றால் முன் ஆக்ஸில் ஜாயின்ட். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் ஊளை மாறினால் டிஃபரன்ஷியல். உப்பங்கழி ஓரத்து ஊர் இது; தண்ணீரில் இறங்கிய வண்டிக்குக் கிரீஸ் அடிப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஓட்டுநரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்காத மெக்கானிக்கிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.