எதனுடைய வெப்பநிலை என்று கேளுங்கள்

குழல் விளக்கு எரியும்போது அதனுள் இருப்பது பிளாஸ்மா. கண்ணாடியைத் தொட்டால் இளஞ்சூடுதான். ஆனால் உள்ளே ஓடும் எலக்ட்ரான்களின் வெப்பநிலையோ ஏறக்குறைய 10,000 டிகிரி! ஆகவே, பிளாஸ்மாவின் வெப்பநிலை என்ன என்று கேட்டால் மட்டும் போதாது; எதனுடைய வெப்பநிலை, எப்படி அளந்தது என்றும் கேட்க வேண்டும்.

மிகச் சூடான பிளாஸ்மாவுக்குள் வெப்பமானியை நுழைக்க முடியாது. அது வெளிவிடும் ஒளியை நிறமாலைமானியால் பிரித்துப் பார்க்கிறோம். ஒரே அணுவின் இரு நிறக்கோடுகளின் பிரகாசத்தை ஒப்பிட்டு எலக்ட்ரான்களின் வெப்பநிலையைக் கணக்கிடலாம். கோட்டின் அகலத்தைக் கொண்டு அயனிகளின் வெப்பநிலையைக் கணக்கிடலாம். ஆனால் இரண்டிலும் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. முதல் முறையில், பிளாஸ்மா உள்ளுக்குள் சமநிலையில் இருப்பதாக வைத்துக்கொள்கிறோம். இரண்டாவதில், கோடு அகன்றதற்கு வெப்பமே காரணம் என்று வைத்துக்கொள்கிறோம். பிளாஸ்மா கொந்தளித்தாலும் கோடு அகலும்.

இந்த அனுமானங்கள் எவ்வளவு முக்கியம் என்பதை வரலாறு காட்டியிருக்கிறது. 1958 ஜனவரியில் பிரிட்டனின் ‘ஸீட்டா’ கருவி 5 மில்லியன் டிகிரியை எட்டியதாக அறிவிக்கப்பட்டது. அதிலிருந்து வந்த நியூட்ரான்கள் அணுக்கரு இணைவின் அடையாளம் என்று உலகமே கொண்டாடியது. சில மாதங்களில், அவை வெப்பத்தால் விளைந்தவை அல்ல என்று விஞ்ஞானிகளே அறிவிக்க நேர்ந்தது.

பத்தாண்டுக்குப் பின் சோவியத் விஞ்ஞானிகள் தங்கள் ‘டி-3 டோக்காமாக்’ கருவியில் மிக உயர்ந்த வெப்பநிலையை எட்டியதாகக் கூறியபோது, மேலை நாடுகளில் பலர் நம்பவில்லை. குழுத் தலைவர் ஆர்ட்சிமோவிச் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. பிரிட்டிஷ் குழுவையே அளக்க அழைத்தார். பனிப்போர் காலம் அது! 1969இல் அக்குழு லேசர் கருவியோடு மாஸ்கோ சென்றது. எலக்ட்ரான்கள் சிதறடித்த லேசர் ஒளியின் நிறமாலையை ஆராய்ந்தது. சுமார் 10 மில்லியன் டிகிரி உறுதியானது. அதன் பிறகே உலகம் டோக்காமாக் பக்கம் திரும்பியது. எண்ணுக்கு மதிப்பைத் தந்தது, வேறொரு முறையால் செய்த சோதனைதான்.

நம் ஆய்வுக்கூடங்களில் நடப்பது என்ன? மென்பொருள் ஒரு வெப்பநிலையைத் தருகிறது; அறிக்கையில் எழுதுகிறோம். புத்தக விடைக்கு அருகில் வந்தால் முழு மதிப்பெண். கோட்டிலிருந்து விலகிய புள்ளி “பிழை” என்று நீக்கப்படுகிறது. சமநிலை இல்லை என்று நமக்குச் சொல்ல வந்ததே அந்தப் புள்ளியாக இருக்கலாம்.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்று சிலர் கேட்கலாம். மூன்று வரி போதும்: எதை அளந்தேன், எதை அனுமானித்தேன், வேறு எந்த வழியில் சரிபார்க்கலாம். விரிவுரையாளர்கள் இவற்றுக்கும் மதிப்பெண் ஒதுக்க வேண்டும். அவர்கள் ஒதுக்கும்வரை காத்திராமல், அடுத்த அறிக்கையிலேயே அந்த மூன்று வரிகளை நாம் எழுதத் தொடங்குவோம்.