மீதி வேலை யாருடையது?

மூன்று வருடம் காசு சேர்த்து ஒரு வேட்டைத் துப்பாக்கி வாங்கினேன். ஆயிரம் டாலருக்கு மேல் ஆயிற்று. வீட்டுக்குக் கொண்டுவந்து, பெட்டியைப் பிரித்து, சாப்பாட்டு மேஜைமேல் கிடத்தி, விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தேன். குறி பார்க்கக் குழலின் நுனியில் இருக்கும் முன்குறி சாய்ந்திருந்தது. என் கண்ணில்தான் கோளாறோ என்று மனைவியைக் கூப்பிட்டேன். துப்பாக்கிப் பக்கமே வராதவள் அவள். தள்ளி நின்றபடியே சொன்னாள்: "வலது பக்கம் சாஞ்சிருக்குங்க. இது தெரியாமலா செஞ்சு அனுப்பியிருக்காங்க?"

அந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை.

நான் வசிப்பது அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் மலைப்பகுதியில். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தால் மான் வேட்டை குற்றம். இங்கே அது வகுப்பில் படித்து, உரிமம் வாங்கி, ஆரஞ்சு நிற உடை போட்டுக்கொண்டு செய்கிற காரியம். நவம்பர் கடைசியில், நன்றி நவிலும் நாளுக்கு அடுத்த சனிக்கிழமை, ரைஃபிள் பருவம் தொடங்கும். கிராமப்புறப் பள்ளிகள் பலவற்றுக்கு அடுத்து வரும் திங்கட்கிழமை விடுமுறை. ஒரு மான் கிடைத்தால் குளிர்காலம் முழுக்க வீட்டுக்குக் கறி. சுட்டதும் தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிளால் இந்த மாநிலத்தில் மானைச் சுடக்கூடாது. அதனாலும் லீவர் துப்பாக்கிக்கு இங்கே தலைமுறை தலைமுறையாக மதிப்பு. நான் வாங்கியதும் அதுதான்.

விசைக்குக் கீழே விரல்களை நுழைத்துக்கொள்ள ஒரு வளையம் இருக்கும். அதுதான் லீவர். முன்னால் தள்ளினால் சுட்ட தோட்டாவின் வெறுங்கூடு வெளியே தெறிக்கும். திரும்ப இழுத்தால் அடுத்த தோட்டா ஏறிக்கொள்ளும். ஜான் மோசஸ் பிரவுனிங் வடிவமைத்து, வின்செஸ்டர் கம்பெனி 1894-இல் கொண்டுவந்த மாடல் இந்த வகையில் பேர்பெற்றது. எழுபது லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். அதற்கென்று 1895-இல் வந்த .30-30 தோட்டா இன்றும் கடையில் கிடைக்கிறது. இப்படிப்பட்ட பொருளை வாங்குகிறவன் தனக்காக மட்டும் வாங்குவதில்லை. மகனுக்கோ மகளுக்கோ கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் வாங்குகிறான்.

பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் அவருடைய அப்பா 1950-களில் வாங்கிய துப்பாக்கி இருக்கிறது. வாதுமைக் கட்டையும் இரும்பும் சேரும் இடத்தில் விரலை ஓட்டினால் நகம்கூடத் தட்டாது. மரம் எங்கே முடிகிறது, இரும்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும். என்னுடையதில் அதே இடத்தில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகலாம். தோட்டா நுழைக்கும் சிறிய கதவின் விளிம்பைத் தேய்க்காமலே விட்டிருக்கிறார்கள். முதல் நாளே கட்டைவிரலைக் கிழித்தது. இருபது தோட்டா சுடுவதற்குள் ஒரு திருகு கழன்று தொங்கியது.

கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். "எங்கள் கணக்கில் இது இனிமேல் பழைய துப்பாக்கி. திருப்பி எடுக்க முடியாது, கம்பெனியிடம் பேசுங்கள்" என்றார்கள். கம்பெனியைக் கூப்பிட்டேன். "அனுப்பி வையுங்கள். குறைந்தது ஆறு வாரம் ஆகும்" என்றார்கள். பருவம் தொடங்க நான்கு வாரம்தான் இருந்தது. விவரம் தெரிந்த நண்பர்களிடம் சொன்னேன்; அவர்கள் சொன்னதுதான் எனக்கு அதிகம் வலித்தது. "இதற்கெல்லாமா வருத்தப்படுவது? அரம் எடுத்துக் கதவைத் தேய்த்துவிடு. பின்குறியைத் தட்டி நகர்த்து. திருகுக்குப் பசை வை. புதுசு வாங்கினால் இதெல்லாம் நாமதான் பார்த்துக்கணும்."

ஏன் பார்த்துக்கொள்ள வேண்டும்? முழு விலை கொடுத்திருக்கிறேன். அந்த விலைக்குள் தயாரிப்பாளர் கட்டுகிற 11 சதவீத வரியும் அடக்கம். 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது, அதில் எனக்கு மனநிறைவுதான். காட்டுக்குப் போகவேண்டிய பங்கு ஒழுங்காகப் போய்விட்டது. வாங்கியவனுக்கு வரவேண்டிய வேலைத்திறன் மட்டும் வந்து சேரவில்லை. எங்கள் ஊரில் அரிவாள் அடித்துக் கொடுத்த கொல்லர், பிடி போட்டபின் தன் கையாலேயே ஒரு கருவேலங்குச்சியை வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் நீட்டுவார். "நீயே கொஞ்சம் தீட்டிக்கோ" என்று மொட்டை அரிவாளைக் கொடுத்ததில்லை.

குறி சாய்ந்திருப்பதை அழகுக் குறை என்று தள்ளிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த வகைத் துப்பாக்கியில் முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே சுமார் 42 சென்டிமீட்டர்தான். முன்குறியின் உச்சி ஒரு மில்லிமீட்டர் விலகினால், 100 மீட்டரில் தோட்டா ஏறக்குறைய 24 சென்டிமீட்டர் விலகும். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் சாப்பாட்டுத் தட்டு அளவுதான், குறுக்கே 20, 25 சென்டிமீட்டர். அதன் நடுவைப் பார்த்துச் சுடுகிறோம். 24 சென்டிமீட்டர் தள்ளிப் போகிற தோட்டா வயிற்றில் படலாம், இல்லையென்றால் முன்காலை உடைக்கலாம். அந்த மான் உடனே சாகாது. ஓடும். ராத்திரி முழுக்க எங்கோ ஒரு புதரில் கிடந்து துடிக்கும்.

பின்குறியைத் தட்டி நகர்த்தினால் போதும் என்பதும் முழு உண்மை இல்லை. குழலை, லீவர் இருக்கும் நடு இரும்பில் திருகி ஏற்றும்போது கொஞ்சம் கூடவோ குறையவோ திரும்பிவிட்டால், குழலின் மேலிருப்பதெல்லாம் சேர்ந்து சாய்ந்துவிடும். ஒரு தூரத்துக்குச் சரிசெய்து வைக்கலாம். தூரம் மாறி, பின்குறியை ஒரு படி உயர்த்தினால், அது நேராக உயராமல் சாய்ந்த வாக்கில் உயரும். தோட்டாவும் பக்கவாட்டில் நகரும். இதைச் சரிசெய்ய அந்தக் குழலையே திரும்பப் பூட்ட வேண்டும். அதற்கான பிடிகருவிகள் தொழிற்சாலையில் இருக்கின்றன. என் வீட்டு மேஜையில் இல்லை.

ஒரே அடியில், வலி தெரியாமல் விழவைக்க முடியும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் சுட வேண்டும் என்று எனக்கு வேட்டை சொல்லிக்கொடுத்தவர் சொன்னார். அந்த நம்பிக்கையில் பாதி என் கைப்பழக்கம். மீதிப் பாதியைத் துப்பாக்கி செய்தவர் தரவேண்டும். பெட்டியில் போட்டு மூடுவதற்கு முன்னால் ஒருவர் அதை வெளிச்சத்தில் தூக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்த்திருந்தால் போதும். பத்து விநாடி வேலை. அந்தப் பத்து விநாடியை மிச்சம் பிடித்தவர்களுக்கு அதன் விலையை எந்த உயிர் கொடுக்கும் என்ற நினைப்பே இல்லையா?

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வாங்குவதற்கான படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே துப்பாக்கியைக் கையில் கேளுங்கள். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோங்கள். பின்னாலிருந்து முன்குறியைப் பாருங்கள், செங்குத்தாக நிற்கிறதா என்று. மரமும் இரும்பும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். லீவரைப் பத்து முறை இயக்குங்கள். குறை தெரிந்தால், கூச்சப்படாமல் திருப்பி வைத்துவிட்டு வாருங்கள். அரத்தைக் கையில் எடுத்து கம்பெனிக்காரர்கள் வேலையை நாம் முடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்வரை அவர்கள் முடிக்கப்போவதில்லை.

என் துப்பாக்கி இப்போது கம்பெனியில் இருக்கிறது. பருவம் தொடங்கிய சனிக்கிழமை நான் காட்டுக்குப் போகவில்லை.