பூட்டு இருந்தால் பத்திரமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த கோர்ஸ் படிக்கலாம் சார்?" என்பதுதான். வேர்டு, எக்ஸெல், டேலி என்று ஒரு பட்டியலும் கையில் வைத்திருப்பார்கள். எதைப் படித்தாலும் நல்லதுதான். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் படிக்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. அதற்குக் கட்டணம் கிடையாது. கம்ப்யூட்டரை ஆன் செய்யக்கூட வேண்டாம். 'மற்றும்', 'அல்லது', 'இல்லை', 'என்றால்' ஆகிய நான்கு சொற்களைச் சரியாகப் புரிந்துகொள்வதுதான் அந்தப் பாடம். கணிதத்தில் இதற்குக் குறியீட்டுத் தருக்கம் என்று பெயர். பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம்.

கணிதம் என்றாலே கூட்டல், கழித்தல் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு மொழி. ஒரு வாக்கியத்துக்கு ஒரே ஒரு பொருள்தான் வர வேண்டும் என்பதற்காக உருவான மொழி. எங்கள் திண்டுக்கல்லில் பூட்டு வாங்கிய ஒரு வியாபாரி, "எல்லாப் பூட்டும் சரியில்லை" என்று பட்டறைக்குப் போன் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுகூடச் சரியில்லையா, அல்லது சில மட்டும் சரியில்லையா? மனிதர்கள் திருப்பிக் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சிப் திருப்பிக் கேட்காது. அதனால்தான் அதற்குத் தனி மொழி தேவைப்படுகிறது.

அந்த மொழிக்கு இலக்கணம் வகுத்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் பூல். 1847-லும் 1854-லும் வெளியான தன் நூல்களில், நாம் யோசிக்கும் முறையையே அல்ஜீப்ராவாக எழுதிக் காட்டினார். 1937-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்த கிளாட் ஷானன், மின்சார ஸ்விட்சுகளைக் கொண்டு இந்த அல்ஜீப்ராவைச் செய்ய முடியும் என்று தன் முதுகலை ஆய்வேட்டில் நிறுவினார். இன்று உங்கள் மேஜைமேல் இருக்கும் கம்ப்யூட்டரும் இதே அடிப்படையில்தான் இயங்குகிறது.

பூட்டை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். வங்கி லாக்கரைத் திறக்க உங்கள் சாவியும் வேண்டும், வங்கியின் சாவியும் வேண்டும். இது 'மற்றும்'. ஒரு கேட்டின் சங்கிலியில் இரண்டு பூட்டுகளை ஒன்றோடு ஒன்று கோத்துப் போட்டிருந்தால், எந்த ஒரு பூட்டைத் திறந்தாலும் கேட் திறந்துவிடும். இது 'அல்லது'. ஒவ்வொரு சாவியும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்பதால் இரண்டு சாவிகளுக்கும் சேர்த்து நான்கு நிலைகள் உண்டு. லாக்கர் அவற்றில் ஒரே ஒரு நிலையில்தான் திறக்கும். கேட் மூன்று நிலைகளில் திறக்கும். "டீயா, காபியா?" என்று கேட்டால் ஏதாவது ஒன்றுதான் கிடைக்கும். கம்ப்யூட்டரின் 'அல்லது' அப்படி இல்லை. இரண்டும் இருந்தாலும் அதற்குச் சம்மதமே. இந்த நான்கு நிலைகளை எழுதிப் பார்ப்பதுதான் பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தில் வரும் மெய் அட்டவணை. மார்க்குக்காக அதை மனப்பாடம் செய்கிறோம். கம்ப்யூட்டரின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை.

நான்காவது சொல்லான 'என்றால்' கொஞ்சம் ஆபத்தானது. மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு இருக்கும், அடுக்களையில் பார்ப்பது போல என்ற தருக்கப் பாடம் நம் மணிமேகலையிலேயே இருக்கிறது. சிறுமலையில் புகை எழுந்தால் நாமும் அப்படித்தான் முடிவு செய்வோம். அதைத் திருப்பிப் போட்டு, நெருப்பு இருந்தால் புகை இருக்கும் என்று சொல்லலாமா? கேஸ் அடுப்பைப் பாருங்கள். நெருப்பு உண்டு, புகை இல்லை. 'என்றால்' ஒருவழிப்பாதை.

இது தெரியாததால் எத்தனையோ பேர் பணத்தை இழக்கிறார்கள். "வங்கியின் இணையதளம் என்றால் பிரவுசரில் பூட்டுச் சின்னம் இருக்கும்" என்று பல ஆண்டுகள் சொல்லிக் கொடுத்தோம். அது சரியான வாக்கியம். மக்களோ அதைத் திருப்பிப் போட்டு, "பூட்டுச் சின்னம் இருந்தால் அது வங்கியின் தளம்" என்று எடுத்துக்கொண்டார்கள். அது தவறு. உங்கள் கம்ப்யூட்டருக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் தகவலை நடுவில் யாரும் படிக்க முடியாது என்பது மட்டும்தான் அந்தச் சின்னத்தின் பொருள். அந்தத் தளத்தை நடத்துவது யார் என்பதை அது சொல்லாது. திண்டுக்கல் பூட்டைக் காசு கொடுத்தால் யாரும் வாங்கலாம், திருடனும் வாங்கலாம். போலித் தளங்களிலும் இந்தச் சின்னம் வரத்தான் செய்தது. மக்கள் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதாலேயே 2023-ல் கூகுள் தன் குரோம் பிரவுசரிலிருந்து பூட்டுச் சின்னத்தை எடுத்துவிட்டு வேறு சின்னம் வைத்தது.

வாக்கியத்தைச் சரியாகத் திருப்பும் வழி ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் 'இல்லை' சேர்த்துத் திருப்ப வேண்டும். நெருப்பு இல்லை என்றால் புகை இல்லை. அதுபோல, இணைப்பு பாதுகாப்பானது இல்லை என்று பிரவுசர் எச்சரித்தால், அந்தப் பக்கத்தில் பாஸ்வேர்டு தராதீர்கள். எச்சரிக்கை வராததால் மட்டும் நம்பியும் விடாதீர்கள். வங்கியின் முகவரியை நீங்களே டைப் செய்து போவதுதான் நல்லது.

எனவே கம்ப்யூட்டர் சென்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் வாரம் எந்த சாப்ட்வேரையும் திறக்காதீர்கள். கரும்பலகையில் இந்த நான்கு சொற்களை எழுதி, பூட்டையும் சாவியையும் வைத்துப் பாடம் நடத்துங்கள். வேர்டும் எக்ஸெலும் சில ஆண்டுகளில் முகம் மாறிவிடும். இந்த நான்கு சொற்கள் மாறுவதில்லை.

வாசகர்களே, இனி உங்களுக்கு வரும் ஒவ்வொரு மெயிலையும் எஸ்.எம்.எஸ்.ஸையும் 'என்றால்' போட்டு எழுதிப் பாருங்கள். "வங்கி அனுப்பியது என்றால் வங்கியின் பெயர் இருக்கும்." சரி. "பெயர் இருக்கிறது என்றால் வங்கி அனுப்பியது"? இந்தக் கேள்விக்கு நீங்கள் 'இல்லை' என்று சொல்லிவிட்டால் முதல் பாடத்தில் பாஸ். அதையும் மீறிப் பணம் பறிபோனால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுங்கள்.