பௌர்ணமிக் குப்பைக்கு யார் வரி கட்டுவது?

தேர்தல் வந்துவிட்டால் திருவண்ணாமலை தேரடி வீதி டீக்கடைகளில் அரசாங்கத்தின் வரவு செலவுக் கணக்கு சூடுபிடித்துவிடும். "நம்ம வரிப்பணத்தை இலவசமா அள்ளி விடுறாங்க" என்பார் ஒருவர். "நம்ம வரியை வாங்கிக்கிட்டு டெல்லி திருப்பித் தரமாட்டேங்குது" என்பார் எதிரே இருப்பவர். முன்னவர் மாநிலத்தின் கடனை எடுத்துப் போடுவார். 2026 மார்ச் இறுதியில் அது 9 லட்சத்து 29 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டும் என்று 2025-26 பட்ஜெட்டே மதிப்பிட்டிருந்தது. பின்னவர் மத்திய வரிப் பகிர்வில் பதினைந்தாவது நிதிக்குழு தமிழகத்துக்குக் கொடுத்த 4.079 சதவீதத்தை எடுத்துப் போடுவார். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தச் சண்டையின் இடுக்கில் ஒரு வரி மட்டும் யார் வாயிலும் அகப்படாமல் தப்பித்துப் போகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வாசல் தேடி வரும் வீட்டு வரி. திருவண்ணாமலைக்காரர்கள் தேர்தலில் முதலில் பேச வேண்டியது அதைப் பற்றித்தான் என்பது என் கட்சி. கிரிவலத்துக்கு வருகிற லட்சக்கணக்கான பேருக்காக ஆகும் துப்புரவுச் செலவு இந்த ஊர் மாநகராட்சியின் தலையில் விழுகிறது. அவர்கள் இங்கே செய்யும் செலவில் கிடைக்கும் வரியோ டெல்லிக்கும் சென்னைக்கும் போகிறது. இந்தக் கணக்கை நேர்செய்வோம் என்று எந்தக் கட்சியும் சொல்லவில்லை, சொல்லும்படி நாமும் கேட்கவில்லை.

முதலில் இலவசம் பற்றிய பேச்சை ஒதுக்கி வைத்துவிடலாம். வரி கட்டுகிறவர்கள் ஒரு பக்கம், உதவி வாங்குகிறவர்கள் ஒரு பக்கம் என்று ஊரை இரண்டாகப் பிரிப்பது வருமான வரி கட்டும் நம்மில் சிலருக்குச் சுகமான கற்பனை. மாடவீதியில் பூக்கட்டி விற்கும் பெண் பிள்ளைக்கு வாங்கும் பிஸ்கட்டில் 2025 செப்டம்பர் வரை 18 சதவீதம் ஜிஎஸ்டி இருந்தது, இப்போதும் 5 சதவீதம் இருக்கிறது. அவர் வீட்டு ஆண் டாஸ்மாக்கில் கொடுக்கும் காசில் பெரும்பகுதி வரி. 2024-25இல் மட்டும் மதுவிலிருந்து மாநிலத்துக்கு வந்தது ஏறத்தாழ 48,344 கோடி ரூபாய். மகளிர் உரிமைத் தொகைக்கு 2025-26இல் ஒதுக்கியது 13,807 கோடி. இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அந்தப் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தருவதை தானம் என்று பேசக் கூச்சமாக இருக்க வேண்டும். கிரிவலப் பாதையில் காவி உடுத்தி உட்கார்ந்திருக்கும் சாதுகூட, சோப்பு வாங்கும் நாளில் வரி கட்டுகிறவர்தான். ஆகவே யார் வரி கட்டுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. கட்டிய வரி எந்தக் கஜானாவில் போய்ச் சேர்கிறது, எந்த வேலைக்குத் திரும்பி வருகிறது என்று கேட்க வேண்டும்.

வீட்டு வரி விஷயத்தில் நம் கட்சிகள் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்தால், அதை அவர்கள் ஏன் மேடைக்குக் கொண்டுவருவதில்லை என்பது விளங்கும். சென்னைக்கு வெளியே நகராட்சி, மாநகராட்சிகளில் 2008க்குப் பிறகு பத்து ஆண்டுகள் சொத்து வரி சீரமைக்கப்படவே இல்லை. 2018இல் அதிமுக அரசு குடியிருப்புகளுக்கு 50 சதவீதம் வரையும், மற்ற கட்டடங்களுக்கு 100 சதவீதம் வரையும் உயர்த்தியது. அப்போது எதிர்க்கட்சியாக இருந்த திமுக தெருவில் இறங்கியது. உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய 2019 நவம்பரில் அதே அதிமுக அரசு உயர்வை நிறுத்தி வைத்தது. பிறகு கொரோனா. பொருளாதாரம் சீராகும்வரை சொத்து வரியை உயர்த்தமாட்டோம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் திமுக எழுதியது. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலின் வாக்குப்பதிவு 2022 பிப்ரவரி 19இல் முடிந்தது. ஆறு வாரம் கழித்து, ஏப்ரல் தொடக்கத்தில் வரி உயர்வு வந்தது. திருவண்ணாமலை போன்ற ஊர்களில் வீடு 600 சதுர அடிக்குள் இருந்தால் 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். இந்த முறை தெருவில் இறங்கியது அதிமுக. பாஜகவும் கண்டித்தது. ஆனால் சொத்து வரியை ஒழுங்காக உயர்த்தாத மாநிலங்களின் நகரங்களுக்கு மானியம் இல்லை என்ற நிபந்தனை, மத்திய அரசு ஏற்றுக்கொண்ட பதினைந்தாவது நிதிக்குழு அறிக்கையிலேயே இருந்தது.

உயர்வே தவறு என்று நான் சொல்லவில்லை. 2008இல் ஒரு துப்புரவுப் பணியாளரின் சம்பளம் என்ன, டீசல் விலை என்ன என்று நினைத்துப் பார்த்தால், பதினான்கு ஆண்டுகள் வரியை நிலையாக உயர்த்தாமல் விட்டதுதான் பெரிய தவறு என்று தோன்றும். என் புகார் வேறு. மூன்று கட்சிகளுக்கும் இந்த வரி தேவை என்று தெரியும், மூன்றும் அதைத் தேர்தலுக்கு முன்னால் சொல்லாது, எதிர்க்கட்சியாக இருக்கும்போது எதிர்க்கும். வாக்காளர் தீர்ப்புச் சொல்ல வேண்டிய விஷயம் அவர் வாக்களித்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகே தீர்மானிக்கப்படுகிறது. பிரச்சாரத்தில் அவர் முன்னால் வைக்கப்பட்டது என்ன? 2021இல் ஒரு கட்சி பெண்களுக்கு மாதம் ஆயிரம் என்றது, மற்றது 1,500 என்றதோடு ஆண்டுக்கு ஆறு சிலிண்டரும் சேர்த்தது. வாக்குறுதிகளுக்கான பணம் எங்கிருந்து வரும் என்பதைத் தேர்தல் அறிக்கை பொதுவாகவாவது காட்ட வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2014இலேயே வழிகாட்டு நெறியில் சேர்த்தது. யாரும் அதைச் சட்டை செய்வதில்லை.

மற்ற ஊர்களில் இந்தக் கதை இதோடு முடிந்துவிடும். திருவண்ணாமலையில் இன்னொரு கணக்கும் சேர்கிறது. 2011 கணக்கெடுப்புப்படி இந்த ஊரின் மக்கள்தொகை 1,45,278. மலையைச் சுற்றிய பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமிதோறும் ஊர் மக்களைப் போலப் பல மடங்கு பேர் அந்தப் பாதையில் நடக்கிறார்கள். கார்த்திகை தீபத்தன்று எத்தனை மடங்கு என்பது ஒவ்வோர் ஆண்டும் அரசு அறிவிக்கும் மதிப்பீட்டில் ஏறிக்கொண்டே இருக்கிறது. கொரோனாவுக்குப் பின் ஆந்திரா, தெலங்கானாவிலிருந்து வரும் பேருந்துகளும் வேன்களும் சாதாரண சனி ஞாயிறைக்கூடத் திருவிழா ஆக்கிவிட்டன. 2024 மே முதல் சென்னை கடற்கரையிலிருந்து நேரடி ரயிலும் உண்டு. நல்லது, வரட்டும். ஆனால் பௌர்ணமிக்கு மறுநாள் விடியற்காலையில் அக்னி லிங்கத்திலிருந்து நிருதி லிங்கம் வரை பாதையோரத்தைப் பாருங்கள். அன்னதானம் வாங்கிச் சாப்பிட்ட பாக்குமட்டைத் தட்டுகள், பாதி சாம்பார் சாதத்தோடு காகிதக் கிண்ணங்கள், மிதிபட்டு நசுங்கிய தண்ணீர் பாட்டில்கள், கற்பூரக் கரி, சாக்கடையில் அடைத்துக்கொண்ட பூமாலைகள். வெயில் ஏறுவதற்குள் துடைப்பத்தோடு அத்தனையையும் கூட்டி பேட்டரி வண்டியில் ஏற்றுகிறவர்கள் துப்புரவுத் தொழிலாளர்கள். அவர்களின் கூலி, வண்டி, பிளீச்சிங் பவுடர், கழிப்பறைத் தண்ணீர், தெருவிளக்கு எல்லாமே உள்ளாட்சிச் செலவு.

வருகிறவர் செய்யும் செலவுக்கு வரி எங்கே போகிறது? 900 ரூபாய் வாடகைக்கு அறை எடுத்தால், ஜிஎஸ்டி பதிவுள்ள விடுதியில் இப்போது 45 ரூபாய் வரி. (2022 ஜூலை வரை ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த அறைக்கு வரியே இல்லை, பிறகு மூன்று ஆண்டுகள் 12 சதவீதம் வாங்கினார்கள் என்பது தனிக் கதை.) அதில் 22 ரூபாய் 50 காசு டெல்லிக்கு, 22 ரூபாய் 50 காசு சென்னைக்கு. அவர் சாப்பிட்ட பொங்கலுக்கும், மகா தீபத்துக்காக வாங்கிக் கொடுத்த நெய்க்கும் அதே பாகப்பிரிவினைதான். நேரடியாக ஊருக்கு வருவது பூஜ்யம். இதில் ஒரு வேடிக்கை. சினிமா டிக்கெட்டில் ஜிஎஸ்டி போக உள்ளாட்சிக்கென்று தனியாகக் கேளிக்கை வரி உண்டு. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது அதற்கென்றே தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது. படம் பார்க்க வருகிறவர் ஊருக்கு ஏதோ கொடுத்துவிட்டுப் போகிறார். சாமி பார்க்க வருகிறவரிடம் வாங்கும் வரியில் ஊருக்கென்று அப்படி எதுவும் எடுத்து வைப்பதில்லை.

"யாத்ரிகர்களால்தானே ஊரே பிழைக்கிறது, குப்பை அள்ளினால் என்ன?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சரியான கேள்வி. ஆனால் அந்தப் பிழைப்பு எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. பௌர்ணமி இரவில் அறை வாடகையைப் பல மடங்கு ஏற்றும் விடுதியின் சொத்து வரி அந்த வசூலைப் பார்த்து ஏறுவதில்லை. கட்டடத்தின் பரப்பையும் இருக்கும் பகுதியையும் வைத்துப் போட்ட அதே அரையாண்டு வரிதான். தொழில் வரியையாவது கூட்டலாம் என்றால், ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் யாரிடமும் வாங்கக் கூடாது என்று அரசியல் சட்டமே 1988இல் கட்டிப்போட்டு வைத்திருக்கிறது. ஊர் சம்பாதிக்கிறது, மாநகராட்சி சம்பாதிப்பதில்லை. ஆகவே கைக்கு எட்டுகிறவரிடம் கை நீட்டுகிறது. அவர் போளூர் சாலைப் பக்கம் கடன் வாங்கி வீடு கட்டிய ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கலாம். 2024 ஆகஸ்டில் நகராட்சி மாநகராட்சியானபோது சுற்றுக் கிராமங்களையும் உள்ளே இழுத்துக்கொண்டார்கள். நூறு நாள் வேலை கிராமங்களுக்கு மட்டும்தான் என்பதால் அது போகும், நகர வரி வரும் என்று அங்கே எழுந்த அச்சத்தைப் படிக்காதவர்களின் பீதி என்று தள்ளியது சரியில்லை. அவர்கள் போட்ட கணக்கு நேரானது.

"கோயில் உண்டியலில் கோடிக்கணக்கில் விழுகிறதே, அங்கே கேளுங்கள்" என்பது அடுத்த யோசனை. பக்தர் அண்ணாமலையாருக்குப் போட்ட காணிக்கை அது. அதைச் சாக்கடை வாரச் செலவிடலாமா என்ற வழக்கில் மாட்டிக்கொண்டால் பத்து வருடம் ஓடிவிடும். திருப்பதியில் தேவஸ்தான வாரியம் தன் பட்ஜெட்டில் ஒரு சதவீதத்தை ஊர் வளர்ச்சிக்கு ஒதுக்க 2023இல் தீர்மானித்தது. ஆந்திர அரசே அதை ஏற்கவில்லை, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. பக்தரிடமே தலைக்கு இவ்வளவு என்று வாங்கலாம் என்பவர்களும் உண்டு. புனிதத் தலங்களுக்கு ரயிலில் வருவோர் மீது முனைய வரி போட 1956இல் ஒரு மத்தியச் சட்டமே இயற்றினார்கள். வெனிஸ் நகரம் 2024இல் பகலில் வந்து போகிறவர்களிடம் ஐந்து யூரோ வாங்கத் தொடங்கியது. எனக்கு இதில் உடன்பாடில்லை. வெனிஸுக்குப் போகிறவர் உல்லாசப் பயணி. இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் கட்டுச்சோறோடு வந்து, பேருந்து நிலையத் தரையில் துண்டை விரித்துப் படுத்து எழுந்து போகிறவர்கள். அவர்கள் ஏற்கெனவே வரி கட்டிவிட்டார்கள். அதிலிருந்து பங்கு கேட்பதுதான் முறை.

பங்கு வருகிற வழியும் புதிதாக வெட்ட வேண்டியதில்லை. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் போகிறது. அதைப் பிரித்துக் கொடுப்பதில் முக்கிய அளவுகோல் மக்கள்தொகை. அந்த மக்கள்தொகையில் கிரிவலக் கூட்டம் இல்லை, ஏனென்றால் கணக்கெடுப்புக்கு வருகிறவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார். வந்துபோகும் கூட்டத்தையும் ஓர் அளவுகோலாக மாநில நிதி ஆணையத்தின் சூத்திரத்தில் சேர்த்தால் போதும். பேருந்து, ரயில் டிக்கெட் கணக்கு அரசிடமே இருக்கிறது. "இவர்களுக்குக் கொடுத்தால் பழனியும் ராமேஸ்வரமும் வேளாங்கண்ணியும் நாகூரும் கேட்கும்" என்பார்கள். கேட்கட்டும், அவர்களுக்கும் இதே நியாயம்தான். "தீபத்துக்குத்தான் அரசு சிறப்பு ஏற்பாடு செய்கிறதே" என்றும் சொல்வார்கள். செய்கிறது, மறுக்கவில்லை. அது ஆண்டுக்கு ஒரு திருவிழா; பௌர்ணமி மாதந்தோறும் வருகிறது. ஆட்சியாளர் மனம் வைத்தால் வரும் பணத்தை நம்பி எந்த மாநகராட்சியும் ஐந்தாண்டுத் திட்டம் போட முடியாது.

அப்படித் திட்டம் போட முடியாத ஊரில் மேடையில் கைதட்டல் வாங்காத வேலைகள்தான் முதலில் நின்றுபோகும். 2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரே இடத்தில் ஏழு பேர் இறந்தார்கள், அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். பணம் இல்லாததால்தான் அது நடந்தது என்று சொல்வது பொய்யாகும். மழை, சரிவில் எழுந்த வீடுகள், கண்டும் காணாமல் இருந்த பல ஆண்டுகள் என்று காரணங்கள் நிறைய. ஆனால் அதற்குப் பின்னும் மலையடிவார வடிகால், தடுப்புச் சுவர், மாற்று வீடு ஆகியவற்றுக்கு எவ்வளவு செலவாகும், அதை யார் கொடுப்பது என்று எண்ணோடு பேசும் தேர்தல் பேச்சு இந்த ஊருக்குத் தேவைப்படுகிறது. வளைவுகளும் திறப்பு விழாக்களும் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.

இந்த ஊர் வாக்காளர்களை இளக்காரமாக நினைக்க எந்தக் கட்சிக்கும் காரணமில்லை. 1957இல் திமுக முதன்முதலாக நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய இரண்டு பேரில் ஒருவர் திருவண்ணாமலையில் வென்ற இரா. தர்மலிங்கம். 1963 சட்டமன்ற இடைத்தேர்தலில் ஆளுங்கட்சியான காங்கிரஸை இந்த ஊர் தோற்கடித்தது. அதே ஆண்டு காமராஜர் முதல்வர் பதவியை விட்டதற்கு அந்தத் தோல்வியும் ஒரு தூண்டுதல் என்று எழுதியவர்கள் உண்டு. ஆகவே ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், அவர் எந்தக் கொடியோடு வந்தாலும், இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். வீட்டு வரியை அடுத்த ஐந்து ஆண்டுகளில் எவ்வளவு ஏற்றுவீர்கள்? கிரிவலக் கூட்டத்தைக் கணக்கில் எடுத்து ஊருக்குப் பங்கு வாங்கித் தருவோம் என்று எழுத்தில் தருவீர்களா? இப்போதைய மாமன்றத்தின் காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. அடுத்த மாநில நிதி ஆணையத்தின் பகிர்வும் அதே 2027இல்தான் தொடங்குகிறது. சூத்திரம் ஒருமுறை எழுதப்பட்டுவிட்டால், அதை மாற்ற 2032 வரை காத்திருக்க வேண்டும்.