பழைய ஏடும் புதிய கோலமும்

ஒரு நூலின் பொருளை மாற்றாது அதன் வடிவை மாத்திரம் மாற்றுதல் எளிய தொழில் என்றும், கற்றோர் செய்யத்தக்க பணியன்று என்றும் எண்ணுவார் பலர். கணினித்துறையிற் பணிபுரியும் நம் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது இக்கருத்தையே என்னிடங் கூறினார். உலகெங்கும் வழங்கும் லினக்ஸ் என்னும் மென்பொருளின் விளக்கக் கோப்புகளை வெற்றெழுத்து வடிவிலிருந்து புதியதொரு வடிவுக்கு மாற்றும் வேலையில் இளைஞர் பலர் ஈடுபட்டிருக்கின்றனர் என்றும், அஃது எழுதுவினைஞர் வேலையே என்றும் அவர் சொன்னார். அவர் காட்டிய கோப்புகளையும் அவற்றின் புதிய உருவத்தையும் அவரோடிருந்து ஒப்புநோக்கியபின், அவர் கருத்துப் பொருந்தாது என்பதே என் துணிபாயிற்று. தமிழாசிரியனிடமிருந்து இம்மலருக்கு இலக்கியக் கட்டுரை ஒன்றை எதிர்பார்த்த அன்பர்கள் பொறுத்தருள்க. இது தமிழாசிரியனுக்கு முற்றும் புறம்பான பொருளன்று.

லினக்ஸ் என்பது ஒரு பணிசெயல் முறைமையின் கரு. ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் 1991ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினார். இன்று பல நாட்டினரும் கூடி வளர்த்துவருகின்றனர். இதன் நிரலோடு ஒரே கூடையிலே விளக்கக் கோப்புகளும் வைக்கப்பட்டுள்ளன. நிரலை எழுதியவரே பெரும்பாலும் விளக்கத்தையும் எழுதினார். ஒவ்வொருவரும் தத்தமக்குத் தோன்றியவாறே எழுதினர். ஒருவர் தலைப்பின்கீழ்ச் சமக்குறிகளால் அடிக்கோடிடுவார். மற்றொருவர் தலைப்பை முழுதும் பெரிய எழுத்தில் எழுதுவார். வேறொருவர் எண்ணிட்டுப் போவார். படத்தைக்கூடக் கூட்டற் குறியாலும் கோடுகளாலும் கட்டமிட்டு வரைந்தார்கள். படிப்பவன் கண் இவற்றையெல்லாம் ஒருவாறு பொருத்திக்கொள்ளும். இயந்திரத்துக்கோ அவையனைத்தும் வெறும் எழுத்துகளே.

இக்கோப்புகளுள் நிலைப்பொருள் பற்றியன ஒரு கூட்டம். நிலைப்பொருள் என்பது கணினியின் தாய்ப்பலகையிலேயே பதிக்கப்பட்டு, பணிசெயல் முறைமை கண்விழிக்குமுன் விழிப்பது. மின்சாரத்தைச் சிக்கனப்படுத்துதல், கணினியை உறங்கச்செய்தல், வெப்பமறிந்து விசிறியைச் சுழற்றுதல், எந்தக் கருவி எங்கே பொருத்தப்பட்டுள்ளது என்று அறிவித்தல் ஆகிய காரியங்களில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று பேசவேண்டும். அப்பேச்சுக்குரிய பொது விதிநூலே ஏ.சி.பி.ஐ. எனப்படுவது. இன்டெல், மைக்ரோசொப்ற், தோஷிபா என்னும் மூன்று நிறுவனங்கள் 1996ஆம் ஆண்டு டிசம்பரில் அதனை முதன்முதலாக வெளியிட்டன. 2013ஆம் ஆண்டில் அதன் பொறுப்பு யூ.ஈ.எப்.ஐ. மன்றத்துக்குக் கைமாறியது. நிலைப்பொருள் சில அட்டவணைகளை நினைவகத்தில் வைக்கும். அவற்றுட் சிலவற்றிற் குறுமொழி ஒன்றில் எழுதிய செய்முறைகளும் உண்டு. பணிசெயல் முறைமை அக்குறுமொழிக்கு உரைகாரனாய் நின்று பொருள்கண்டு நடத்தும்.

இவ்விரண்டுக்கும் நடக்கும் பேச்சு எப்போதும் நேர்மையானதன்று என்பதற்கு மடிக்கணினியின் மூடியே சான்று. மூடி மூடப்பட்டதை அறிவிக்கும் நிலைப்பொருள்களுட் சில, அது திறக்கப்பட்டதை அறிவிப்பதில்லை. ஆகவே “மூடியிருக்கிறது” என்ற விடையைக் கேட்டு அவ்வாறே நம்பினால், திறந்திருக்கும் கணினி மீண்டும் உறங்கிப்போகும். இதனை விளக்கி, மூன்று வழிகளுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுமாறு கூறும் கோப்பொன்று லினக்ஸில் உண்டு. இன்னொரு கோப்பு இதனினும் சுவையானது. “நீ எந்தப் பணிசெயல் முறைமை?” என்று நிலைப்பொருள் கேட்டால் லினக்ஸ் என்ன விடை கூறவேண்டும் என்பதே அதன் பொருள். விண்டோஸ் தானோ என்று கேட்டால் லினக்ஸ் ஆம் என்கிறது. லினக்ஸ் தானோ என்று கேட்டால் இல்லை என்கிறது! பொய்யாயினும் காரணமுள்ள பொய். பல கணினிகளின் நிலைப்பொருள், விண்டோஸுக்குரிய வழியிலன்றிப் பிற வழியிற் சோதித்துப் பார்க்கப்படவில்லை. சோதியாத வழியிற் சென்றால் முடங்கிவிடும். இவ்வரலாற்றைச் சொல்லும் கோப்பு இல்லாதிருப்பின், பின்வரும் இளைஞன் ஒருவன் இப்பொய்யைப் பிழையென்றெண்ணித் திருத்திவிடுவான். திருத்திய அன்றே எத்தனையோ கணினிகள் பழுதுபடும்.

இத்தகைய கோப்புகளே மாற்றத்துக்கு உள்ளாயின. 2016ஆம் ஆண்டில் வெளிவந்த 4.8ஆம் பதிப்பு முதலாக, விளக்கங்களை ஸ்பிங்ஸ் என்னும் கருவியால் ஒழுங்குபடுத்தும் முறை லினக்ஸுக்கு வந்தது. பைதன் மொழியின் விளக்கநூல்களுக்கென ஆக்கப்பட்ட கருவி அது. ரீஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்ட் எனப்படும் எளிய குறியீட்டு முறையில் எழுதினால், அக்கருவி தலைப்பும் பொருளடக்கமும் தொடுப்பும் உடைய பக்கங்களை ஆக்கித்தரும். ஏ.சி.பி.ஐ. பற்றிய இருபதுக்கு மேற்பட்ட கோப்புகள் 2019ஆம் ஆண்டிற் புது வடிவம் பெற்றன.

இனி, எழுதுவினைஞர் வேலை என்பார்க்கு விடை கூறுகிறேன். அக்குறியீட்டு முறையில் உள்ளொதுக்கம் பொருளுடையது. நிரற்பகுதி ஒன்றை இது நிரல் என்று குறித்துக் காட்டாவிடின், அதன் வரிகளெல்லாம் ஒன்றாய் ஓடி ஒரு பந்தியாகிவிடும். கூட்டற் குறியாலும் கோட்டாலும் வரைந்த படத்தைக் கருவி அட்டவணை என்று கருதி, அட்டவணை பிழையென்று முறையிடும். அடிக்கோட்டில் முடியும் சொல்லை வேறோரிடத்துக்குச் செல்லும் தொடுப்பென்று எண்ணும். இவையாவும் சிறு தொல்லைகளே. கருவி எச்சரிக்கும், திருத்திக்கொள்ளலாம். எச்சரியாத ஒன்று உண்டு. ஏ.சி.பி.ஐ. விதிநூலில் கருவிகளின் பெயரெல்லாம் ஒரு மரமாக வகுக்கப்பட்டுள்ளன. அம்மரத்தின் வேரைப் பின்சாய்வுக்கோடு ஒன்றினாற் குறிப்பது மரபு. புதிய குறியீட்டு முறையிலோ பின்சாய்வுக்கோடு என்பது அடுத்த எழுத்துக்கு விலக்களிக்கும் அடையாளம். தன் பணி முடிந்ததும் தான் மறைந்துவிடும். ஆகவே உரைநடையினிடையே வரும் ஒரு பெயரைக் காப்பிடாது விட்டால், அச்சான பக்கத்தில் மரம் இருக்கும், வேர் இராது. கருவி வாய்திறவாது. அவ்விடத்தில் ஒரு கோடு இருந்திருக்கவேண்டும் என்று அறிபவன், பொருளை உணர்ந்து படித்தவன் ஒருவனே.

தமிழ் கற்றோர்க்கு இது புதிதன்று. நம் ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடில்லை. செய்யுள் அடிபிரியாது உரைநடைபோல் ஓடும். ஆறுமுக நாவலரும், 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும், உ. வே. சாமிநாதையரும் ஏட்டை அச்சுக்குக் கொண்டுவந்தபோது செய்தது வடிவமாற்றமேயாகும். ஆனால் புள்ளி எங்கே இடுவது என்று துணிவதற்குச் சொல்லையும், அடி எங்கே முடிகிறது என்று துணிவதற்கு யாப்பையும் அறிந்திருக்கவேண்டியதாயிற்று. ஏட்டிற் படிப்போன் தன் மனத்தால் நிரப்பிக்கொண்டதை, பதிப்பிப்போன் வெளிப்படையாக எழுதிக்காட்டினான். வெற்றெழுத்துக் கோப்பும் ஏடு போன்றதே. அதிலுள்ள ஒழுங்கு கண்ணுக்குக் குறிப்பாய்த் தோன்றுவது. மாற்றுவோன் அதனை, இது தலைப்பு, இது எடுத்துக்காட்டு, இது பட்டியல் என்று பெயரிட்டுச் சொல்லியாகவேண்டும். பெயரிடுதல் பொருளறிவின்றி நிகழாது.

2019ஆம் ஆண்டின் மாற்றத்தில் என்னைக் கவர்ந்தது வேறொன்று. பழைய நிலையில் அக்கோப்புகள் யாவும் ஏ.சி.பி.ஐ. என்ற ஒரே அறையில் அடைந்துகிடந்தன. பொருள் ஒன்றென்பதால் இடமும் ஒன்று. மாற்றியவர்கள் அவற்றை மூன்று இடங்களுக்குப் பிரித்தனர். நிலைப்பொருள் தந்த அட்டவணைக்குப் பதிலாக வேறோர் அட்டவணையைத் தொடக்கத்தில் ஏற்றும் முறை போன்றவை, கணினியைப் பராமரிப்போர்க்குரிய கைந்நூலுக்குச் சென்றன. கருவிகளை இயக்கும் நிரல் எழுதுவோர்க்குரியவை வேறோரிடம் புகுந்தன. ஏனையவை நிலைப்பொருள் வழிகாட்டி என்ற தனிப் பகுதியில் அமைந்தன. (நிரலெழுதுவோர் பகுதிக்குச் சென்ற கோப்புகளுள் ஒன்று, ஏ.சி.பி.ஐ. உரைகார நிரலை அதன் மூல நடையிலிருந்து லினக்ஸ் நடைக்கு மாற்றும் வழியைச் சொல்வது. மாற்றம் பற்றிய கோப்பே மாற்றத்துக்கு உள்ளானது ஒரு வேடிக்கை.) இவ்வாறு பிரிப்பதற்கு ஒவ்வொரு கோப்பையும் நோக்கி, “உன்னைப் படிப்பவன் யார்?” என்று கேட்கவேண்டியிருந்தது. எழுதியவர்களிற் பலர் இக்கேள்வியைக் கேட்டதாகத் தோன்றவில்லை. பாடநூல் எழுதுவோரும் இதனை அடிக்கடி மறக்கின்றனர் என்பதை ஆசிரிய நண்பர்கள் அறிவர்.

இம்மாற்றத்தை எதிர்த்தோரும் உண்டு. வெற்றெழுத்துக் கோப்பு எந்தக் கணினியிலும் திறக்கும். ஐம்பது ஆண்டு கழிந்தாலும் படிக்கலாம். கருவி ஒன்றை நம்பி அதனை ஏன் கெடுக்கவேண்டும் என்பது அவர்தம் வாதம். அவ்வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஜொனதன் கோர்பெற் என்பாரின் பொறுப்பில் நடந்த இம்மாற்றத்தில், குறியீடுகளை மிதமிஞ்சி இடலாகாது, கருவியின்றியும் கோப்பு படிக்கத்தக்கதாய் இருக்கவேண்டும் என்று விதித்தமைக்கும் இதுவே காரணம். அவ்விதியைக் காத்தவரையில் எதிர்ப்புக்கு இடமில்லை. சொல்லுக்குச் சொல் அலங்காரக் குறியிட்டு, கோப்பைக் கண்கொண்டு பார்க்க முடியாதபடி ஆக்கிவிடுவோர் எதிர்த்தோரின் கட்சிக்கே வலுவூட்டுகின்றனர்.

நான் அஞ்சுவது பிறிதொன்றை. பழைய கோப்பு பழைய கோலத்தில் இருக்கும்போது, படிப்பவன் சற்றே ஐயத்தோடு படிப்பான். தூசு படிந்த ஏடு தன் வயதைத் தானே சொல்லும். அதே கோப்புக்குத் தலைப்பும் பொருளடக்கமும் தந்து பளிச்சென்று ஆக்கிவிட்டால், உள்ளிருக்கும் செய்தி பத்தாண்டுக்குமுன் வழக்கொழிந்ததாயினும் இன்றைய செய்திபோல் நிற்கும். படியாது மாற்றியவன் ஒரு பொய்க்குப் புத்தாடை கட்டினவனாவான். இக்காலத்தில் ஒரு கட்டளையால் நூறு கோப்புகளை மாற்றித்தரும் கருவிகள் இருத்தலின் இவ்வபாயம் பெரிது.

விளக்கமும் நிரலும் ஒரே கூடையில் இருப்பதன் பயனை இவ்விடத்திற் காணலாம். ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலேயே நிலைப்பொருளின் செய்முறையொன்றை அகற்றி வேறொன்றைப் புகுத்தும் வாயில் லினக்ஸில் ஒருகாலத்தில் இருந்தது. அதனை விளக்கும் கோப்பும் 2019இற் புது வடிவம் பெற்றது. பாதுகாப்புக்கு ஊறு விளைக்கும் என்று 2024ஆம் ஆண்டில் அவ்வாயிலை மூடியபோது, அக்கோப்பையும் உடனெடுத்துவிட்டனர். நிரலுக்கு உடையவரே விளக்கத்துக்கும் உடையவராய் இருந்தமையால் அது நிகழ்ந்தது. உடையவர் இல்லாத கோப்புகளுக்கு இவ்வாறு நல்லடக்கம் கிடைப்பதில்லை.

இத்துறையிற் புகும் நம் மாணவர்க்கு ஒரு வழக்கத்தை வற்புறுத்துவேன். வடிவத்தை மாற்றுவதையும் பொருளைத் திருத்துவதையும் ஒரே முறையிற் செய்தல் கூடாது. முதலில் வடிவத்தை மாத்திரம் மாற்றி அனுப்புக. பின்னர்த் திருத்தத்தைத் தனியே, காரணங் கூறி அனுப்புக. இரண்டையுங் கலந்தால், நூறு வரி இடம்பெயர்ந்த கூட்டத்துள் ஒரு சொல் மாறியதைப் பரிசோதிப்பவர் கண்டுகொள்ளமாட்டார். சாமிநாதையர் பாடபேதங்களை அடிக்குறிப்பிற் காட்டிச் சென்றமையாலன்றோ, அவர் கொண்ட பாடத்தை இன்றும் நாம் வைத்து ஆராய முடிகிறது. தமக்கு நல்லதென்று தோன்றியதை மூலத்திலே ஓசையின்றிச் செருகிய பதிப்பாசிரியர்களின் நூல்களை நாம் எவ்வளவு நம்புகிறோம்?

வேலைக்குப் பஞ்சமில்லை. வன்பொருளின் அமைப்பை நிலைப்பொருள் பணிசெயல் முறைமைக்கு எடுத்துரைக்கும் டிவைஸ்ட்ரீ என்ற மற்றொரு முறை உண்டு. கைத்தொலைபேசிகளிற் பெரிதும் வழங்குவது அதுவே. அதற்குரிய விளக்கங்களை, இயந்திரமே சரிபிழை பார்க்கத்தக்க யமல் வடிவுக்கு மாற்றும் பணி பல ஆண்டுகளாக நடைபெறுகிறது. இன்னும் பல கோப்புகள் வெற்றெழுத்திலேயே கிடக்கின்றன. அங்கே வேலை இன்னுங் கடினம். “இவ்வியல்பு கட்டாயமானதா, விருப்பத்துக்குரியதா?” என்று மூலக்கோப்பு மழுப்பியிருந்தாலும், புதிய வடிவத்தில் மழுப்ப இயலாது, ஒன்றைத் துணிந்து எழுதவேண்டும். நிரலைத் திறந்து பார்த்து, கருவியை ஆக்கியோர் வெளியிட்ட குறிப்பேட்டைப் படித்து, ஐயமிருப்பின் எழுதியவருக்கே மடல் விடுத்துக் கேட்டுத்தான் அத்துணிவைப் பெறலாம். உயர்தர வகுப்பு முடித்துப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் மாதங்களில், இரண்டொருவர் சேர்ந்து ஒரேயொரு கோப்பை எடுத்துக்கொள்வாராயின் நன்று. அதனைத் தொடுமுன், அக்கோப்புக் கூறும் கருவியை இயக்கும் நிரல் இன்னும் லினக்ஸில் இருக்கிறதா என்று முதலிற் பார்க்கட்டும்.